கணினி கேபினெட் விளக்கும் கூலர் விளக்கும் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்து மின்கோளாறைப் பிடிப்பது

கணினி கேபினெட்டுக்குள் இருக்கும் விளக்கோ, பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் விளக்கோ அணைந்ததும் பலர் முதலில் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நேராகப் புது ஃபேன் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். இரண்டையும் செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அந்த விளக்குக்கு மின்சாரம் எந்த ஒயர் வழியாக வருகிறது? ஃபேன் சுழல்வது ஒரு வழியில், விளக்கு எரிவது வேறு வழியில், எந்த நிறம் என்று சொல்லும் சிக்னல் வருவது மூன்றாவது வழியில். இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும், காசும் மிச்சம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு சேரும்: கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஒன்று, போய்ப் போய் வரும் கரண்ட் இன்னொன்று. இரண்டையும் அந்தந்த அறிகுறியில் சொல்கிறோம்.

தேவையானவை: நேர்மின்சார வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர், டார்ச், மதர்போர்டின் கையேடு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ். கேபினெட்டுக்குள் எதையும் கழற்றும் முன் சுவர் சுவிட்சை அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு கணினியின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். கீழே உள்ள எந்தச் சோதனைக்கும் அதைத் திறக்கத் தேவையில்லை.

முதலில் பின்னை எண்ணுங்கள்

விளக்கு ஒயரின் முனையில் நான்கு துளை வரிசையாக இருந்தால் அது 12 வோல்ட் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் கலந்து நிறம் காட்டும் வகை. முழு எல்இடி பட்டையும் ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான் காட்டும். நான்கு இடத்தில் ஒன்று அடைபட்டு மூன்று துளை மட்டும் இருந்தால் அது 5 வோல்ட் ஏஆர்ஜிபி. ஒவ்வொரு எல்இடியும் தனித்தனி நிறம் காட்டும். வானவில் ஓடுவது இதில்தான்.

5 வோல்ட் பட்டையை 12 வோல்ட் ஹெடரில் (மதர்போர்டில் ஒயர் செருகும் பின் வரிசை) வலிந்து செருகினால் உள்ளே இருக்கும் சிப்புகள் அந்தக் கணமே போய்விடும். மறுபடி சரியான இடத்தில் செருகினாலும் எரியாது. ஃபேன் மட்டும் சுழலும், ஏனென்றால் அதன் வழி வேறு. மாறாக 12 வோல்ட் பட்டையை 5 வோல்ட்டில் மாட்டினால் எரியாது, அவ்வளவுதான், பெரும்பாலும் சேதமில்லை. எந்த ஹெடர் எது என்று மதர்போர்டில் அச்சிட்டிருப்பதை டார்ச் அடித்துப் படித்த பிறகே செருகுங்கள். சில ஃபேன் தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று தனி வடிவ முனை வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு நான்கு பின் போலவே இருக்கும், ஆனால் பின் வரிசை வேறு. அவற்றை அவர்களுடைய ஹப்பில் (பல ஒயர்களை ஓரிடத்தில் சேர்க்கும் சிறு பெட்டி) மட்டுமே மாட்ட வேண்டும்.

அறிகுறி: கணினி ஓடுகிறது, ஃபேன் சுழல்கிறது, விளக்கு ஒன்றுகூட இல்லை

கேபினெட்டின் ரீசெட் பட்டனை முதலில் பாருங்கள். இப்போது வரும் பல கேபினெட்டுகளில் அந்தப் பட்டனின் ஒயர் மதர்போர்டுக்குப் போவதில்லை. விளக்கு ஹப்புக்குப் போகிறது. ஒரு தட்டுத் தட்டினால் நிறம் மாறும். மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் சிலவற்றில் விளக்கு அணையும், சிலவற்றில் ஹப் தன் சொந்த நிறங்களை விட்டுவிட்டு மதர்போர்டின் சிக்னலுக்குக் காத்திருக்கும். மதர்போர்டிலிருந்து சிக்னல் ஒயர் இழுக்கப்படவே இல்லை என்றால் அந்த நிலையில் எதுவும் எரியாது. தூசி துடைக்கும்போது பட்டன் அழுந்தி விளக்கு போன கணினிகள் நிறைய உண்டு. ஐந்து விநாடி அழுத்தி விட்டுப் பாருங்கள். மறுபடி வந்தால் வேலை முடிந்தது.

வரவில்லையா? ஹப்புக்குப் போகும் சாட்டா பவர் பிளக்கைப் (பவர் சப்ளையிலிருந்து வரும் தட்டையான முனை) பாருங்கள். ஹப் பெரும்பாலும் மதர்போர்டு தட்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். பக்கக் கதவை மூடும்போது ஒயர்க் கட்டு அழுந்தி இந்த பிளக் பாதி கழன்றுவிடும். முழுதாகக் கழற்றி நேராக அழுத்திச் செருகுங்கள்.

பிறகு அளவை. கணினியை ஓடவிட்டு, அதே ஒயரில் காலியாக இருக்கும் இன்னொரு சாட்டா பிளக்கில் அளக்கலாம். மீட்டரின் கறுப்பு முனை கறுப்பு ஒயரில், சிவப்பு முனை சிவப்பு ஒயரில்: 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். மஞ்சள் ஒயரில் 11.40 முதல் 12.60 வரை. எல்லா ஒயரும் கறுப்பாக இருந்தால் நிறத்தை நம்ப முடியாது. பிளக்கை இட வரிசையில் எண்ணுங்கள். பதினைந்து பின்னில் முதல் மூன்று 3.3 வோல்ட், அடுத்த மூன்று கிரவுண்டு, அடுத்த மூன்று 5 வோல்ட், மறுபடி மூன்று கிரவுண்டு, கடைசி மூன்று 12 வோல்ட். இரண்டு பின்னை மீட்டர் முனையால் ஒன்றாகத் தொட்டுவிடாமல் கவனம்.

5 வோல்ட் சரியாக வந்து, ஹப்பும் சரியாகச் செருகியிருந்து, ஒரு ஃபேனும் எரியவில்லை என்றால் ஹப் போய்விட்டது. ஒரு ஃபேனின் விளக்கு ஒயரை மட்டும் மதர்போர்டின் 5 வோல்ட் ஹெடரில் நேரடியாக மாட்டினால் அது உறுதியாகிவிடும்.

இன்னொரு தடயம்: விளக்குகள் முழுதாக அணையாமல், முதல் ஒன்றிரண்டு எல்இடி மட்டும் மங்கலாகத் துடித்தால், மின்சாரம் வரவில்லை, சிக்னல் மட்டும் வருகிறது. சிக்னல் ஒயர் வழியாகக் கசியும் சிறிதளவு மின்சாரத்தில் சிப் தத்தளிக்கிறது. சாட்டா பிளக் கழன்றிருக்கும்.

அறிகுறி: விளக்கைப் பொருத்தியதிலிருந்து கணினியே எழவில்லை

பட்டனை அழுத்தியதும் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது என்றால் எங்கோ ஷார்ட். பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. அணைந்தது பூட்டியும் கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டால்தான் மறுபடி எழும். அதனால் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் இந்த இடைவெளி கட்டாயம், இல்லையென்றால் நல்ல பாகத்தையும் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

ஹப்பின் சாட்டா பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு எழுப்புங்கள். எழுந்தால் குற்றவாளி ஹப்புக்குப் பின்னால் இருக்கிறது. எல்லா ஃபேன் விளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கதவின் கீலில் நசுங்கிய ஒயர், திருகு கடித்த ஒயர், வெட்டிய பட்டையின் செப்பு முனை கேபினெட் உலோகத்தில் உரசுவது, இந்த மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். பட்டையை வெட்டினால் வெட்டு முனையை உடனே இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மாடுலர் பவர் சப்ளையில் ஒயர்களைக் கழற்றி மாட்டலாம். ஆனால் பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரு கம்பெனி ஒயரை இன்னொரு கம்பெனி பெட்டியில் மாட்டினால் வடிவம் பொருந்தும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வரும். விளக்கு ஹப் மட்டுமல்ல, அதே ஒயரில் இருக்கும் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போகும். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். பழைய பெட்டியின் ஒயர்களைப் புதுப் பெட்டியோடு சேர்த்து வைக்கவே வைக்காதீர்கள்.

அறிகுறி: வெள்ளை வைத்தால் கடைசியில் மஞ்சளாகிறது, மினுக்குகிறது

இதுதான் அதிகம் வரும் புகார், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் புகாரும் இதுவே. ஃபேன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டால் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

ஏஆர்ஜிபி எல்இடி ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று. முழு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் 20 மில்லிஆம்பியர் வரை எடுக்கும். வெள்ளை என்றால் மூன்றும் சேர்ந்து 60. முன்பக்கம் மூன்று, பின்பக்கம் ஒன்று, கூலர் ரேடியேட்டரில் இரண்டு, ஆக ஆறு ஃபேன். ஒவ்வொன்றிலும் 16 எல்இடி என்றால் மொத்தம் 96. முழு வெள்ளையில் 5.76 ஆம்பியர். மதர்போர்டின் 5 வோல்ட் ஹெடர் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தாங்கும். சில போர்டுகளில் அதைவிடக் குறைவு, கையேட்டில் போட்டிருப்பார்கள். பிரிப்பான் ஒயர் போட்டு ஆறையும் ஒரே ஹெடரில் தொங்கவிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறோம். அதிர்ஷ்டம் இருந்தால் போர்டு தானே மின்சாரத்தைக் குறைக்கும் அல்லது அணைக்கும். இல்லையென்றால் ஹெடர் கருகும்.

மஞ்சள் ஏன் வருகிறது? நீல, பச்சை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட் போதும். மெல்லிய ஒயரில் நிறைய மின்சாரம் ஓடும்போது வழியிலேயே வோல்ட் குறைகிறது. கடைசி ஃபேனுக்குப் போய்ச் சேரும்போது முதலில் நீலம் சோர்கிறது, பிறகு பச்சை. சிவப்பு மட்டும் தெம்பாக நிற்கிறது. அதனால்தான் வெள்ளை முதலில் மஞ்சளாகி, பிறகு சிவந்து போகிறது. எல்இடியில் குறை எதுவும் இல்லை.

சோதனை எளிது. எல்லாவற்றையும் சுத்தமான சிவப்புக்கு மாற்றி, வெளிச்சத்தை 30 சதவீதத்துக்குக் குறையுங்கள். மினுக்கல் நின்றுவிட்டால் மின்சாரப் பற்றாக்குறை. நிற்கவில்லை என்றால் இணைப்பிலோ சிக்னலிலோ குறை. அதைக் கீழே பார்க்கலாம். மீட்டர் இருந்தால் முழு வெள்ளையில் கடைசி ஃபேனின் முனையில் அளந்து பாருங்கள். ஹப்பில் 5 வோல்ட்டும் அங்கே 4.5-க்குக் கீழும் இருந்தால் இடைப்பட்ட ஒயரே காரணம்.

தீர்வுகளில் செலவே இல்லாதது வெளிச்சத்தைப் பாதியாக்குவது. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, மின்சாரமும் பாதியாகிவிடும். முழு வெளிச்சம்தான் வேண்டும் என்பவர்கள் சாட்டா பவரில் ஓடும் ஹப் வாங்குங்கள். அதில் சிக்னல் மட்டும் மதர்போர்டிலிருந்து வரும். ஆனால் சாட்டா பிளக்குக்கும் எல்லை உண்டு. பின்னுக்கு 1.5 ஆம்பியர் வீதம் 5 வோல்ட்டுக்கு மூன்று பின், ஆக 4.5 ஆம்பியர். நாம் போட்ட 5.76 அதற்கும் மேல். ஹப்பில் பத்துத் துளை இருக்கிறது என்பதற்காகப் பத்தையும் நிரப்பக் கூடாது. இரண்டு ஹப் வாங்கி, பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக வரும் இரண்டு ஒயரில் மாட்டுவதே சரி.

ஹப் இல்லாமல் நீங்களே தனியாக 5 வோல்ட் கொடுப்பதாக இருந்தால் இரண்டு விதி. மதர்போர்டின் 5 வோல்ட்டையும் பவர் சப்ளையின் 5 வோல்ட்டையும் ஒன்றாக இணைக்காதீர்கள். போர்டிலிருந்து சிக்னலும் கிரவுண்டும் மட்டும் வரட்டும். கிரவுண்டு இரண்டுக்கும் பொதுவாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சிக்னலுக்கு அடிமட்டம் தெரியாமல் நிறங்கள் கண்டபடி தாவும்.

அறிகுறி: பாதி வரை எரிகிறது, அதற்குப் பிறகு இருட்டு

கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் பல்பு மாதிரி ஏஆர்ஜிபியும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றித்தான் ஓடுகிறது. ஒவ்வொரு எல்இடியும் தனக்கான நிறத்தை எடுத்துக்கொண்டு மீதிச் சிக்னலை அடுத்ததற்குத் தள்ளும். ஒன்று செத்தால் அதற்கு முன்னால் இருப்பவை எரியும், பின்னால் இருப்பவை இருண்டுவிடும் அல்லது உறைந்த நிறத்தில் நிற்கும். ஆகவே கோளாறு, எரியும் கடைசி எல்இடியில் அல்லது எரியாத முதல் எல்இடியில் இருக்கும். ஃபேன்களைத் தொடராக மாட்டியிருந்தால் இருண்ட முதல் ஃபேனை விட்டுவிட்டு அடுத்ததை நேராக இணைத்துப் பாருங்கள்.

எல்இடி சாகவில்லை, முனைதான் அழுக்கு என்பதும் நம் கடற்கரையில் சகஜம். முனைகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பின் மங்கி, வெளிறிய அல்லது பச்சைப் படலம் படிந்திருந்தால் உப்புக் காற்றின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய நிலையில், ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் மெதுவாகத் தேய்த்து, பதினைந்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்பூச்சு போனால் அடுத்த மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம் அரிக்கும். ஏஆர்ஜிபி முனைகளில் பூட்டு கிடையாது, ஃபேன் அதிர்விலேயே நழுவும். இரண்டு முனையையும் சேர்த்து ஒரு துண்டு டேப் சுற்றுவது நல்லது.

12 வோல்ட் பட்டையில் அறிகுறி வேறு விதம். வெள்ளை கேட்டால் நீலப்பச்சை வருகிறது என்றால் சிவப்பு ஒயர் அறுந்திருக்கிறது. ஊதா வந்தால் பச்சை போயிருக்கிறது, மஞ்சள் வந்தால் நீலம். அந்த முனையின் பின் வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அறிகுறி: கணினியை அணைத்த பிறகும் விளக்கு எரிகிறது

கோளாறில்லை. பிளக் சுவரில் இருக்கும் வரை பவர் சப்ளை 5 வோல்ட் ஸ்டான்ட்பை மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். சில மதர்போர்டுகள் அதை விளக்கு ஹெடருக்கும் யுஎஸ்பிக்கும் விடுகின்றன. பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) இஆர்பி (ErP) என்ற மின்சேமிப்பு அமைப்பை இயக்கினால் பெரும்பாலான போர்டுகளில் அணையும். சாட்டா பவரில் ஓடும் ஹப் கணினியோடு சேர்ந்தே அணையும். ஆகவே அணைத்த பிறகு எவை எரிகின்றன என்று பார்த்தாலே எந்த ஃபேன் எங்கிருந்து மின்சாரம் எடுக்கிறது என்ற வரைபடம் கிடைத்துவிடும்.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு விளக்கு இல்லை, அல்லது நிறம் மாறிவிட்டது

2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெடிங் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனாலும் கேபிள் திருட்டாலும் பழுதாலும் கரண்ட் போவது நிற்கவில்லை. போகும்போது வரும் கேட்டைவிட, திரும்ப வரும்போது வரும் ஏற்ற இறக்கமே சாதனங்களை அடிக்கிறது. கரண்ட் போனதும் சுவர் சுவிட்சை அணையுங்கள்; வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். சர்ஜ் பிளக்கில் பாதுகாப்பு விளக்கு அணைந்திருந்தால் அது தன் வேலையை முடித்துவிட்டது; எக்ஸ்டென்ஷனாக ஓடும், காக்காது. மாற்றிவிடுங்கள்.

விளக்கு வானவில் ஓட்டத்துக்குத் திரும்பியிருந்தால் ஹப் தன் நினைவை இழந்து தொடக்க நிலைக்குப் போயிருக்கிறது. ஹப்பின் யுஎஸ்பி ஒயர் மதர்போர்டில் சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டு மறுபடி நிறம் அமைத்தால் போதும். ஹப்பையே கணினி அடையாளம் காணவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி, ஐந்து நிமிடம் விட்டு எழுப்புங்கள். ஸ்டான்ட்பை மின்சாரம் முழுதாக வடிந்தால்தான் அந்தச் சிப் புதிதாகத் தொடங்கும். வெறும் ரீஸ்டார்ட் உதவாது.

இன்வர்ட்டருக்கு மாறும் கணத்தில் கணினியே அணைந்தால் விளக்கைக் குறை சொல்லாதீர்கள். மலிவான இன்வர்ட்டர், யுபிஎஸ் பலவும் சுத்தமான சைன் அலை தருவதில்லை; இன்றைய பவர் சப்ளைகளில் உள்ள ஆக்டிவ் பிஎஃப்சிக்கு (மின்சாரம் எடுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சுத்த சைன் அலை என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். பேட்டரியில் ஓடும்போது விளக்கை அணைத்துவிடுவது புத்திசாலித்தனம்: நூறு எல்இடி முழு வெள்ளையில் 30 வாட் வரை தின்னும்.

கணினியைப் போட்டதும் டிபி போர்டில் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுகிறது என்றால், விளக்குகளின் 5 வோல்ட், 12 வோல்ட் பக்கம் அதற்குக் காரணமாக இருப்பது அரிது. பவர் சப்ளையோ பிளக் ஒயரோ வீட்டு ஒயரிங்கோதான். வேறு ஒயரும் வேறு பிளக் பாயிண்டும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் பின்னை ஒடித்துவிட்டு ஓட்டுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

அறிகுறி: கூலர் விளக்கு பிரகாசமாக எரிகிறது, ஆனால் பிராசஸர் கொதிக்கிறது

இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தண்ணீர்க் கூலரில் விளக்குக்கும் பம்ப்புக்கும் மின்வழி தனித்தனியாக இருப்பது சகஜம். தலைப்பகுதி அழகாக ஒளிரும், உள்ளே பம்ப் நின்றிருக்கும். பயாஸுக்குள் போய் பம்ப் ஹெடரின் சுழற்சி எண்ணைப் பாருங்கள். சுழியம் என்றால் ஒயர் கழன்றிருக்கிறது, அல்லது பம்ப் போய்விட்டது, அல்லது சிக்னல் ஒயர் வேறு ஹெடரில் இருக்கிறது. கணினி ஐந்து நிமிடம் ஓடிய பிறகு இரண்டு குழாயையும் தொட்டுப் பாருங்கள். பிராசஸர் 90 பாகையைத் தாண்டியும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால் தண்ணீர் ஓடவில்லை, உடனே அணைத்துவிடுங்கள். பம்ப் ஹெடரை எப்போதும் முழு வேகத்தில் வையுங்கள். பம்ப் சாட்டாவில் மின்சாரம் எடுக்கும் வகை என்றால், விளக்கு ஹப் தொங்கும் அதே ஒயரில் அதை மாட்டாமல் தனி ஒயர் கொடுங்கள்.

எழும்போது சிபியு ஃபேன் எர்ரர் என்று திரையில் வந்து நின்றால், ஃபேன் ஹப்பின் முதல் துளை காலியாக இருக்கிறதா பாருங்கள். பல ஹப்புகள் ஒரே ஒரு துளையின் சுழற்சி எண்ணைத்தான் போர்டுக்குச் சொல்கின்றன; ஓடும் ஃபேன் ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

நிறம் மாற்ற முடியாத பழைய வகை எல்இடி ஃபேன் மெதுவாக ஓடும்போது மங்கினால் அது இயல்பு. அவற்றில் மட்டும் விளக்கும் மோட்டாரும் ஒரே ஒயரில் இருக்கும்.

அறிகுறி: பிளாஸ்டிக் கருகும் வாடை

சுவரில் அணையுங்கள். பிறகு மோலெக்ஸிலிருந்து (பழைய வகை நான்கு பின் பவர் முனை) சாட்டாவுக்கு மாற்றும் சிறு ஒயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் சாட்டா முனை ஒரே வார்ப்பாக, ஒயர்கள் பிளாஸ்டிக்கில் புதைந்து இருந்தால் உள்ளே ஒயர்கள் நெருங்கி ஷார்ட் ஆவது தெரிந்த கதை. தீப்பிடிப்பதும் உண்டு. அந்த ஒயரை வெட்டித் தூக்கி எறியுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். பவர் சப்ளையின் சொந்த சாட்டா ஒயரையே பயன்படுத்துங்கள். போதவில்லை என்றால், ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாக அழுத்திப் பொருத்தப்பட்டு, பின்மூடி கழற்ற வரும் வகையை வாங்குங்கள். பழுப்பேறிய ஹப்பையும் திரும்ப மாட்ட வேண்டாம். எஸ்எஸ்டியின் சாட்டா துளையில் கரி படிந்திருந்தால், முதல் வேலையாக அதிலிருக்கும் கோப்புகளை வேறோர் இடத்துக்கு நகலெடுங்கள். விளக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.